சான்றிட்ட நாணயமா, சான்றில்லாத நாணயமா? பிரிட்டிஷ் இந்திய நாணயம் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களையும் தங்கச் சவரன்களையும் சேர்க்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண்ணோடு வரும் நாணயத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதா, கண்காட்சி மேசையில் திறந்து கிடக்கும் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதா என்பதே அது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் ஏராளமாகக் கிடைத்தாலும், அவற்றில் பாதி இந்தியாவில் வாங்குபவருக்குப் பொருந்துவதில்லை. பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்துச் சொல்வதே இந்தப் பக்கத்தின் வேலை.

சான்றிட்ட நாணயம் என்று எதைச் சொல்கிறோம்?

நாணயத்தை விற்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று அதைப் பரிசோதித்து, உண்மையானது என்று ஏற்று, தரத்துக்கு மதிப்பெண் இட்டு, திறந்தால் தடம் தெரியும்படி மூடப்பட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் தந்தால் அது சான்றிட்ட நாணயம். சேகரிப்பாளர்கள் இந்த உறையை ‘ஸ்லாப்’ என்பார்கள். உறையில் இல்லாததை ‘ரா’ என்பார்கள். உலக அளவில் விலையைத் தீர்மானிக்கும் செல்வாக்குள்ள நிறுவனங்கள் இரண்டு: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி. இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். வேறு பெயர்களில் வரும் உறைகளும் சந்தையில் உண்டு; விற்பவரே அச்சிட்டு ஒட்டியவை போன்ற சிலவும் அவற்றில் அடக்கம். உறை பிளாஸ்டிக்காக இருப்பதாலேயே அது சான்றாகிவிடாது. யாருடைய உறை, அந்த நிறுவனத்தின் கருத்தை ஏலத்தில் மற்றவர்கள் ஏற்கிறார்களா என்பதே கணக்கு.

உறையில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பயன்படுகிறது. 60க்கும் அதற்கு மேலும் இருந்தால் புழக்கத்துக்கே போகாத நாணயம்; அதற்கு ‘எம்எஸ்’ என்ற முன்னொட்டு வரும். 50 முதல் 58 வரை ‘ஏயூ’, அதாவது மிக மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தது. அதற்குக் கீழே ‘எக்ஸ்எஃப்’, ‘விஎஃப்’ என்று இறங்கிக்கொண்டே போகும்.

அந்த எண் சொல்லாத விஷயங்களும் உண்டு. அது விலை அல்ல. அரிதா, மலிவா என்பதும் அதில் இல்லை. நாணயம் அழகாக இருக்கிறதா என்பதைக்கூட அது முழுமையாகச் சொல்லாது. ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு விக்டோரியா ரூபாய்களில் ஒன்று கண்ணைப் பறிக்கும், மற்றொன்று மங்கிய சாம்பலாகக் கிடக்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் இரண்டாவதை வாங்கிக்கொண்டு போவதைக் கண்காட்சிகளில் பார்க்கலாம்.

எந்த விலைக்கு மேல் போனால் சான்று கட்டாயம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொகையைச் சொல்ல முடியாது. தொகையைவிட இரண்டு வித்தியாசங்களைப் பார்ப்பது நல்லது. முதலாவது, உண்மையான நாணயத்துக்கும் போலிக்கும் இடையிலான வித்தியாசம். சாதாரணத் தேய்மானம் உள்ள ஒரு வெள்ளி ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி இருப்பதால், அதன் விலையில் பெரும்பகுதி உலோகத்தின் விலையே. எடையும் வெள்ளியும் சரியாக இருந்தால், மோசமான நிலையிலும் உங்கள் இழப்பு சிறியது. அதே எடை, அதே வெள்ளி உள்ள ஓர் அரிய ஆண்டு நாணயத்துக்கு உலோக மதிப்பைப் போலப் பல மடங்கு கொடுக்கிறீர்கள் என்றால், அந்த உபரித் தொகை முழுவதும் நாணயத்தின் மீதுள்ள ஓர் இலக்கத்தை நம்பியே கொடுக்கப்படுகிறது. அந்த இலக்கத்துக்குச் சான்று தேவை.

இரண்டாவது, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையிலான விலை வித்தியாசம். ‘விஎஃப்’ தரத்துக்கும் ‘எக்ஸ்எஃப்’ தரத்துக்கும் இடையே சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், தரத்தில் கொஞ்சம் ஏமாந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ‘ஏயூ 58’இலிருந்து ‘எம்எஸ் 63’க்குப் போகும்போது விலை இரட்டிப்பாகும் நாணயத்தில், விற்பவரின் வாய்மொழியை மட்டும் நம்பி மேல்தரத்துக்கான விலையைக் கொடுப்பது சரியல்ல. அந்த எல்லையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கண்கள் வேறுவேறாகத்தான் வேலை செய்யும்.

இந்த இரண்டு வித்தியாசங்களும் சிறியவையாக இருக்கும்வரை சான்றுக்கு ஆகும் செலவு வீண். பரிசோதனைக் கட்டணம், இரு வழி அஞ்சல், காப்பீடு, சுங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு நாணயத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். இரண்டாயிரம் ரூபாய் பெறும் ஒரு ரூபாயை உறையில் வைத்து விற்பவர், அந்தச் செலவை உங்கள் தலையில்தான் வைக்கிறார்.

அப்படியானால் எவற்றைச் சான்றில்லாமலே வாங்கலாம்?

1877 முதல் 1901 வரையிலான ‘விக்டோரியா எம்ப்ரெஸ்’ ரூபாய்களில் சாதாரண ஆண்டுகள், ஏழாம் எட்வர்டின் ரூபாய்கள், 1912க்குப் பிந்தைய ஐந்தாம் ஜார்ஜின் சாதாரண ஆண்டுகள், கால் அணாச் செம்புக் காசுகள், 1940 முதல் 1945 வரையிலான பாதி வெள்ளி ரூபாய்கள், 1947ஆம் ஆண்டுப் புலி உருவம் பொறித்த நிக்கல் ரூபாய் ஆகியவற்றைப் புழங்கிய நிலையில் வாங்கும்போது சான்று தேவையே இல்லை. இவற்றை நிறைய கையில் எடுத்துப் பார்ப்பதுதான் பிற்பாடு அரிய நாணயத்தைப் பார்க்கும்போது உதவப்போகும் பயிற்சி. உறைக்குள் மட்டுமே நாணயம் பார்த்துப் பழகியவருக்கு விளிம்பைப் பார்க்கத் தெரியாது. போலிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

1911ஆம் ஆண்டு ‘பன்றி ரூபாய்’ வாங்க விரும்புகிறேன். சான்றுள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

நல்ல தரத்தில் வாங்குவதானால் ஆம். தேய்ந்த நிலையில் என்றால், பார்க்கத் தெரிந்தவருக்குச் சான்று இல்லாமலும் முடியும்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. 1911இல் வெளியான நாணயத்தில் அதன் தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றியைப் போலத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததால் நாணயம் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டது. அடித்த சுமார் 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளியே போயிருந்தன. 1912 முதல் யானை திருத்தி வரையப்பட்டது.

வாங்குபவருக்குச் சாதகமான விஷயம் இதில்தான் இருக்கிறது. 1912ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1911 ஆக்குபவர் பின்பக்கத்தை மட்டுமே மாற்றுகிறார். முன்பக்கத்து யானை புதிய யானையாகவே இருக்கும். ஆகையால் ஆண்டைப் பார்ப்பதற்கு முன் பத்து மடங்கு உருப்பெருக்கியை மன்னரின் மார்புப் பக்கம் கொண்டுபோங்கள். தும்பிக்கை தெளிவாக நீண்டு தொங்கினால், ஆண்டு என்னவாக இருந்தாலும் அந்த நாணயம் வேண்டாம். ஆனால், அச்சையே புதிதாக வெட்டி நல்ல வெள்ளியில் அடித்த போலிகளை இந்தச் சோதனை பிடிக்காது. புழக்கத்துக்குப் போகாத தரம் என்று சொல்லி விற்கப்படும் 1911 ரூபாய்க்குச் சான்று வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

1939ஆம் ஆண்டு ரூபாய்?

சான்றில்லாமல் வாங்காதீர்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்களில் மிக அரிதானது இது. அரிதாக இருப்பதால் போலிகளும் மிக அதிகம். 1938ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைக்கும், அதுவும் அதே தரமான வெள்ளி, அதே எடை. அதில் உள்ள 8ஐ 9 ஆக்கிவிட்டால் தராசு, அடர்த்தி, ஒலி என்று எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. மாற்றப்பட்ட இலக்கத்தைச் சுற்றியுள்ள சமதளம் மற்ற இடங்களைவிட வேறுவிதமாக ஒளிரும்; இலக்கத்தின் அடிப்பகுதி தளத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். ஆனால் இதை நம்பிக்கையோடு சொல்ல, பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓர் உண்மையான 1939 வேண்டும். அது இல்லாமல்தானே வாங்க வந்திருக்கிறோம்.

“தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் இருந்தது” என்ற வம்சக்கதை சொல்லப்படும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. கதை உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கதைக்கும் நாணயத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் தெரியாது.

வீட்டிலேயே சோதிக்க முடியாதா? அப்படி முடிந்தால் சான்று எதற்கு?

உலோகத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். அச்சைச் சோதிக்க முடியாது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய்க்கு 180 கிரெய்ன் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் விதித்தது. 180 கிரெய்ன் என்பது 11.66 கிராம். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு இதற்குப் போதும். புழங்கித் தேய்ந்த நாணயம் கொஞ்சம் எடை குறைந்திருப்பது இயல்பு. ஆனால் விதித்த எடையை வெளிப்படையாகத் தாண்டினால் அதற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

அடுத்தது அடர்த்தி. தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் நாணயம் வெளியேற்றிய தண்ணீரின் எடை. 11.66 கிராம் உள்ள பழைய தர வெள்ளி ரூபாய்க்கு அது ஏறத்தாழ 1.13 கிராம் வரும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ரூபாய்க்கு ஏறத்தாழ 1.22 வரும். வெள்ளி முலாம் பூசிய பித்தளை இன்னும் தள்ளிப் போகும். நாணயத்தின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும். மெல்ல அசைத்து விரட்டிவிடுங்கள். பிறகு தேய்க்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

இவ்வளவும் சரியாக வந்தால் கையில் இருப்பது நல்ல வெள்ளி என்று தெரியும். அதை யார் அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்பது இன்னும் தெரியாது. தேய்ந்த உண்மையான ரூபாய்களை உருக்கி, அதே வெள்ளியில் அரிய ஆண்டை அடிப்பவர் இந்தச் சோதனைகள் அனைத்திலும் தேறிவிடுவார். சான்று நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமே.

தங்கச் சவரனுக்கும் இதே விதிதானா?

சவரனில் நிலைமை வேறு. அதன் எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தங்கம் 22 காரட். தண்ணீர்ச் சோதனையில் ஏறத்தாழ 0.45 கிராம் காட்டும். சாதாரண ஆண்டுச் சவரன் தங்க விலையையொட்டியே விற்பதால், நகைக்கடையில் காரட் பார்க்கும் இயந்திரத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் நல்ல தங்கத்திலேயே ஏராளமான போலிச் சவரன்கள் அடிக்கப்பட்டன என்பது நினைவில் இருக்கட்டும்; தங்க விலைக்கு வாங்கியவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, நாணய விலைக்கு வாங்கியவருக்கே நஷ்டம்.

நம் வீடுகளிலிருந்து வரும் சவரன்களில் பார்க்க வேண்டியது விளிம்பை. காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிற்பாடு அறுத்தெடுத்து, அரத்தால் ராவிச் சமப்படுத்தியிருப்பார்கள். நாணயத்தை நிமிர்த்திப் பிடித்து, அதில் உள்ள தலைக்கு மேலுள்ள விளிம்பை ஒளியில் மெதுவாகத் திருப்புங்கள்: மற்ற இடங்களில் ஒழுங்காக வரும் வரிப்பற்கள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கி, இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நிறம் சற்றே வெளிறியிருக்கும். பம்பாயில் இயங்கிய ராயல் மின்ட் என்ற பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலையின் கிளை 1918ஆம் ஆண்டிட்டு அடித்த, ‘ஐ’ குறி கொண்ட சவரனில் இந்தத் தடம் இருந்தால், சேகரிப்பாளர் கொடுக்கும் கூடுதல் விலை கிடைக்காது, தங்கத்தின் விலைதான்.

“சுத்தம் செய்யப்பட்டது” என்பதை ஏன் இவ்வளவு பெரிய குறையாகச் சொல்கிறார்கள்?

அச்சில் அடிபடும் கணத்தில் உலோகம் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்ந்து, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வரிகளை உண்டாக்குகிறது. புதிய நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்தால் ஒளி ஆரங்களாகச் சுழல்வது இந்த வரிகளால்தான். ஒருமுறை தேய்த்து அழித்துவிட்டால் அந்தப் பளபளப்பை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நம் ஊரில் வெள்ளியென்றால் கை தானாக விபூதியைத் தேடிப் போகும். பூஜை சாமான்களோடு சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்கப்பட்ட லட்சுமி காசும் விக்டோரியா ரூபாயும் எத்தனையோ. அப்படிப்பட்ட நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் திருப்பினால், ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் கூட்டமாக மின்னும்; பளபளப்பு இருக்கும், ஆனால் அது சுழலாது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்போ வெண்பொடியோ ஒட்டியிருக்கும். கடையின் பல விளக்குகளுக்குக் கீழே இதெல்லாம் மறைந்துவிடுவதால், வாசலுக்கு எடுத்துப்போய் ஒரு பக்க வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் வியாபாரியிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

‘டீடெயில்ஸ்’ என்று எழுதிய உறை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், என் பார்வையில் இது பலரும் ஒதுக்கிவிடும் நல்ல வாய்ப்பு. நாணயம் உண்மையானது, ஆனால் சுத்தம் செய்யப்பட்டது, வளையம் நீக்கப்பட்டது, கீறப்பட்டது போன்ற குறை உள்ளது என்றால் நிறுவனங்கள் எண் தராமல் இப்படி எழுதிக் கொடுக்கும். 1911 ரூபாயோ 1939 ரூபாயோ ஒன்று தொகுப்பில் இருந்தால் போதும், உயர்தரம் தேவையில்லை என்பவருக்கு, ஏமாற்றப்படும் அச்சமின்றிக் குறைந்த விலையில் அரிய நாணயம் கிடைக்கும் வழி இதுதான். விற்கும்போதும் அதே தள்ளுபடியில்தான் போகும் என்பதை மட்டும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையுயர்ந்த நாணயம் சான்றில்லாமல் விற்பனைக்கு வந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்கிறார்களே?

அமெரிக்காவில் அது நியாயமான பேச்சு. அங்கே விற்பவர் அதே நாட்டுக்குள் அஞ்சலில் அனுப்பிச் சான்று வாங்கிவிடலாம். வாங்கியிருக்கவில்லை என்றால் ஏற்கெனவே அனுப்பி நிராகரிக்கப்பட்டதோ என்ற கேள்வி எழும். இந்தியாவில் அந்த வாதம் நிற்காது.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகள் நிறைந்த நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ அல்லாத வேறெவரும் அதை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்வது குற்றம். ஆகவே 1835ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் ரூபாயையோ 1911 ரூபாயையோ தரம் பார்ப்பதற்காக என்று சொல்லி அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்புவது, திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு அனுப்பினாலும், சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். 1939 ரூபாய்க்கு இன்னும் நூறு ஆகவில்லை. எனினும் அனுப்பும்போது அது தொல்பொருள் அல்ல என்பதை நிறுவ வேண்டியிருக்கலாம், அதற்கான சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறலாம்.

இதன் விளைவாக, இந்தியாவில் இருக்கும் நல்ல நாணயங்களில் பெரும்பாலானவை நேர்மையான காரணத்தாலேயே உறையில்லாமல் இருக்கின்றன. இங்கே உறையோடு விற்கும் பழைய நாணயங்களில் பல, லண்டனிலோ அமெரிக்காவிலோ வாங்கப்பட்டுத் திரும்பி வந்தவை. எனவே சென்னைக் கண்காட்சியில் சான்றில்லாத அரிய நாணயத்தைக் கண்டால் ஓடவும் வேண்டாம், உடனே பணத்தை எண்ணவும் வேண்டாம். அந்த வகையை நிறையப் பார்த்த இருவரிடம், விற்பவருக்குத் தொடர்பில்லாத இருவரிடம், தனித்தனியாகக் காட்டுங்கள். நாணயச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வருவதன் பயன் இந்த இடத்தில்தான் தெரியும்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ வாழ்ந்து, அங்கேயே வாங்கி, அங்கேயே வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் சான்றில்லாமல் வாங்கிப் பிறகு தாங்களே அனுப்புவது பல நேரங்களில் லாபமாகவும் இருக்கும்.

உறையே போலியாக இருக்க முடியுமா?

முடியும், இருக்கின்றன. போலி உறை செய்பவர் பெரும்பாலும் எண்ணைக் கற்பனையாகப் போடுவதில்லை. உண்மையான ஒரு நாணயத்தின் சான்று எண்ணையே நகலெடுக்கிறார். ஆகவே நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைத் தட்டியதும் “1911 ரூபாய், எம்எஸ் 62” என்று வந்துவிட்டதால் மட்டும் திருப்தியடைந்துவிடக் கூடாது. படம் இருந்தால் அதைப் பெரிதாக்கி, கையிலிருக்கும் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். மன்னரின் கன்னத்தில் உள்ள சிறு கீறல், ஓரத்தில் படிந்த கறையின் வடிவம், ஏதேனும் ஓர் எழுத்தின் மேல் பட்ட அடி ஆகியவை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படம் இல்லாத எண்ணாக இருந்தால் விற்பவரின் நம்பகத்தன்மைக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டியதுதான்.

உறைக்குள் இருக்கும் சீட்டில் எழுதியுள்ள வகை தவறாக இருக்குமா?

இந்திய நாணயங்களில் இது நடக்கிறது. 1840ஆம் ஆண்டிட்ட விக்டோரியா ரூபாய்களில் பெயர் தொடர்ச்சியாக வருவது ஒரு வகை, தலைக்கு இருபுறமும் பிரிந்து வருவது இன்னொரு வகை. பின்பக்க மாலையில் உள்ள கனிகளின் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. 1862 என்ற ஆண்டை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடித்தார்கள். இடையில் வந்த ஆண்டுகளைக் குறிக்கப் புள்ளிகளைச் சேர்த்தார்கள் என்பதால் அந்த ஒரே ஆண்டிலும் பல வகைகள். இவற்றையெல்லாம் அமெரிக்காவிலுள்ள பரிசோதகர் ஒவ்வொரு முறையும் நுணுகிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சீட்டில் இருக்கும் வெளிப்படையான எழுத்துப்பிழைக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் பொருந்தாது. உண்மைத்தன்மைக்கும் தரத்துக்கும் உறையை நம்புங்கள். புள்ளியையும் கனியையும் நீங்களே எண்ணுங்கள். தவறாக எழுதப்பட்ட உறையில் அரிய வகை சாதாரண விலைக்குக் கிடைத்த கதைகளும் இருக்கின்றன.

கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்தில் அடித்துக் கொடுத்த மறு அச்சுகள் தனிக் கதை. புழக்கத்துக்காக அல்லாமல் தனிக் கவனத்தோடு அடித்த, கண்ணாடிபோலப் பளபளக்கும் ‘ப்ரூஃப்’ நாணயம் எதுவாயினும், அது அந்த ஆண்டிலேயே அடித்ததா, மறு அச்சா என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விலை வித்தியாசம் மிகப் பெரியது. சான்றில்லாத ப்ரூஃபைத் தொடக்கநிலையில் இருப்பவர் தொடாமல் இருப்பதே நல்லது.

சங்ககாலக் காசு, சோழர் காசு ஆகியவற்றுக்கும் உறை தேடலாமா?

தேவையில்லை. ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில், மாக்கோதை, குட்டுவன்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் போன்றவற்றுக்கோ கடும் கிராக்கி உண்டு, வார்ப்புப் போலிகளும் உண்டு. ஆனால் இந்தத் துறையில் அறிவு தமிழ்நாட்டில்தான் இருக்கிறதே ஒழிய, என்ஜிசி இருக்கும் ஃபுளோரிடாவில் இல்லை. என்ஜிசி பழங்காலக் காசுகளுக்குத் தரத்தோடு அச்சுக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தருகிறது. எனினும் நவீன நாணயங்களுக்குத் தரும் அதே உத்தரவாதத்தை அவற்றுக்கு எதிர்பார்க்கக் கூடாது. இப்படிப்பட்ட காசில், முன்பு யாருடைய தொகுப்பில் இருந்தது, எங்கே படத்தோடு வெளியானது என்ற வரலாறே சிறந்த சான்று. மண்ணிலிருந்து புதிதாகக் கிடைத்தது என்று சொல்லி விற்றால் விலகிவிடுங்கள்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டும்.

அனுமன் படம் போட்ட 1818ஆம் ஆண்டு ஓரணா இருக்கிறது. சான்று வாங்கி விற்றால் லட்சம் கிடைக்குமா?

கிடைக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடிக்கவேயில்லை. ராமர் பட்டாபிஷேகம், அனுமன், தாமரை என்று பலவிதமாக வரும் இவை பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த வில்லைகள். பழைய நாணயத்தை லட்சங்களுக்கு வாங்குவதாகச் சொல்லி முன்பணம், வரி, கமிஷன் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. ரிசர்வ் வங்கி அந்த வியாபாரத்தில் இல்லை, யாரையும் நியமிக்கவும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நாணயங்கள் ‘எம்எஸ் 67’ என்று உறையில் வருகின்றன. நல்ல முதலீடா?

பெரும்பாலும் இல்லை. புதிதாகக் கட்டுப் பிரித்த பையிலிருந்து எடுத்த நாணயத்துக்கு உயர்ந்த எண் வருவதில் அதிசயம் எதுவும் கிடையாது. இதுவரை எத்தனை நாணயங்களுக்கு அந்த எண் கிடைத்திருக்கிறது என்று நிறுவனங்கள் வெளியிடும் பட்டியலில் அந்த எண்ணிக்கை இன்று ஒற்றை இலக்கமாக இருப்பதன் பொருள், அரிது என்பதல்ல. செலவு செய்து அனுப்ப இதுவரை யாரும் மெனக்கெடவில்லை என்பதே.

உறையில் இருந்தால் நாணயம் கெடாதா?

கைபடாது, கீழே விழுந்து அடிபடாது. காற்றையும் ஈரத்தையும் அது முழுவதுமாகத் தடுப்பதில்லை என்பதால் கடற்கரை ஊர்களில் வெள்ளி மெல்லக் கறுக்கத்தான் செய்யும். உறையில்லாத நாணயங்களை வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் பிவிசி கலந்தவற்றைத் தவிருங்கள். சில ஆண்டுகளில் பச்சை நிறப் பிசுபிசுப்பைக் கக்கி நாணயத்தையே அரித்துவிடும்.

சான்றில்லாத நாணயத்தை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ரசீதில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

“பழைய நாணயம் 1” என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. மன்னர் பெயர், மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, விற்பவர் சொன்ன தரம், “உண்மையான நாணயம் என்று உறுதியளித்து விற்கப்பட்டது” என்ற வாசகம், போலி என்று தெரியவந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நூறாண்டு கடந்த நாணயமானால் விற்பவரின் தொல்பொருள் வணிக உரிம எண்ணையும் கேளுங்கள். அங்கேயே, அவர் முன்னிலையிலேயே, நாணயத்தின் இரு பக்கங்களையும் விளிம்பையும் ரசீதோடு சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு திருப்பிக் கொடுக்கப் போகும்போது “நான் விற்றது இதுவல்ல” என்ற பேச்சு எழாமல் இருக்க அது உதவும்.